மூன்று கண்டுபிடிப்புகள், ஒரே பொறியாளர்

கேள்வி: பயணிகள் விமானங்களில் இறக்கையின் நுனி மேல்நோக்கி மடிந்திருப்பது எதற்காக? அதை வடிவமைத்தவர் யார்?
– வாசகர், கரூர்

பதில்: அந்த நுனிக்கு ‘விங்லெட்’ என்று பெயர். பறக்கும்போது இறக்கையின் கீழ்ப்புறம் அழுத்தம் கூடுதலாகவும் மேற்புறம் குறைவாகவும் இருப்பதால், கீழிருக்கும் காற்று நுனியைச் சுற்றி மேலேறிச் சுழலாகிறது. அதனால் விமானத்தைப் பின்னுக்கு இழுக்கும் இழுவிசை கூடி எரிபொருள் வீணாகிறது. நுனியில் தடுப்பு வைக்கும் யோசனை 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே இருந்தது. அந்தத் தடுப்பை வெறும் தகடாக விடாமல், குட்டி இறக்கையாகவே செதுக்கிப் பயன்தரச் செய்தவர் அமெரிக்கப் பொறியாளர் ரிச்சர்ட் விட்காம்ப். 1979-80இல் கேசி-135 விமானத்தில் பொருத்திச் சோதித்தபோது எரிபொருள் 6 விழுக்காட்டுக்கும் மேல் மிச்சமாகும் என்று தெரியவந்தது.

ஆனால், விங்லெட்டோடு மட்டும் அவரை நினைவில் வைப்பது அவருக்கு நியாயம் செய்வதாகாது. 1921இல் பிறந்த அவர், 1943இல் பட்டம் பெற்றதும் வர்ஜீனியாவிலுள்ள லாங்லி விமானவியல் ஆய்வகத்தில் சேர்ந்து, 1980இல் ஓய்வு பெறும்வரை அங்கேயே பணியாற்றினார். ஒலியின் வேகத்தை நெருங்கும்போது இழுவிசை திடீரென எகிறுவதுதான் அன்றைய பெருஞ்சிக்கல். இறக்கையைத் தனியாகவும் உடற்பகுதியைத் தனியாகவும் பார்க்கக்கூடாது, இரண்டும் சேர்ந்த குறுக்குவெட்டுப் பரப்பு மூக்கிலிருந்து வால்வரை சீராகக் கூடிக் குறைய வேண்டும் என்று 1951இல் அவர் கண்டார். அப்படியானால், இறக்கை சேருமிடத்தில் உடற்பகுதியின் இடுப்பைக் குறுக்க வேண்டும். கோக் பாட்டில் வடிவம் என்று பலரும் சொன்னது இதைத்தான். கான்வேர் நிறுவனத்தின் ஒய்.எஃப்-102 போர்விமானம் 1953இல் நேர்மட்டப் பறப்பில் ஒலிவேகத்தைத் தாண்ட முடியாமல் திணறியது. இவ்விதிப்படி திருத்திய வடிவம் 1954 டிசம்பரில் மேலேறும்போதே தாண்டியது. அவருடைய கண்டுபிடிப்புகளில் இதையே நான் தலையாயதாகக் கருதுகிறேன். அமெரிக்க விமானத்துறை விருதான காலியர் கோப்பையும் 1954ஆம் ஆண்டுக்கு இதற்காகவே அவருக்குக் கிடைத்தது.

சமன்பாடுகளைவிடக் காற்றோட்டத்தை மனக்கண்ணில் பார்ப்பதையே அவர் நம்பினார். காற்றுச் சுரங்கத்தில் சோதனை நடக்கும்போதே மாதிரி இறக்கையை அரத்தால் தாமே ராவி, மறுபடி காற்றைச் செலுத்திப் பார்ப்பார். மேற்புறம் தட்டையாகவும் பின்கீழ்ப்புறம் வளைந்தும் அமைந்த ‘சூப்பர்கிரிட்டிகல்’ இறக்கை 1960களில் இப்படித்தான் உருவானது. ஒலிவேகத்தை நெருங்கும்போது இறக்கையின் மேற்புறம் உண்டாகும் அதிர்வலையை அது வலுக்குறைத்துப் பின்னுக்குத் தள்ளுவதால், ஒலிவேகத்துக்குச் சற்றுக் கீழே பறக்கும் விமானங்களின் எரிபொருள் செலவு குறைகிறது. நுனி மடியாத ஜெட் விமானங்களில்கூட இன்று பெரும்பாலும் இவ்வகை இறக்கையே இருக்கிறது.