வல்லெட்டாவில் ஒரு பகல்: குரூஸ் பயணிகளின் கேள்விகளும் பதில்களும்

மத்தியதரைக் கடல் குரூஸில் மால்டாவின் தலைநகர் வல்லெட்டாவில் இறங்கப் போகிறவர்கள் கேட்டவை இவை.

கே: கப்பல் விடியற்காலையில் நுழையுமாம். எழுந்திருக்கணுமா, தூங்கலாமா?

ப: எழுந்து மேல்தளத்துக்கே போய்விடுங்கள். பால்கனி அறை எடுத்தவர்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன், அங்கிருந்து ஒரு பக்கம்தான் தெரியும். கிராண்ட் ஹார்பரில் இந்தப் பக்கம் வல்லெட்டாவின் மதில், எதிரே செயின்ட் ஏஞ்சலோ கோட்டை. 1565இல் ஒட்டோமான் படை முற்றுகையிட்டபோது எதிர்க்கரையில்தான் ஊர் இருந்தது. வல்லெட்டா அன்று வெறும் மேடு, முனையில் ஒரு கோட்டை மட்டும். முற்றுகையைச் சமாளித்த மாவீரர் சபை (அன்று மால்டாவை ஆண்ட கிறிஸ்தவ வீரர்களின் அமைப்பு) தலைவர் லா வலெட் 1566இல் அந்த மேட்டின்மேல் எழுப்பத் தொடங்கிய ஊர் இது.

கே: அண்ணா, அம்மாவுக்கு மூட்டுவலி. மேடு ஏற முடியுமா?

ப: ஏற வேண்டாம். கப்பல்துறையிலிருந்து கொஞ்ச தூரம் நடந்தால் லிஃப்ட் இருக்கிறது. 58 மீட்டர் ஏறி மேல் பராக்கா தோட்டத்தில் விடும். பகல் 12 மணிக்குக் கீழ்த்தளத்தில் பீரங்கி வெடிப்பார்கள், அம்மா பெஞ்சில் உட்கார்ந்தே பார்க்கலாம். பிறகு ரிபப்ளிக் தெருவோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பக்கத்துச் சந்துகள் பல படிக்கட்டாகவே கடலுக்கு இறங்கும், திரும்பி ஏறுவது கஷ்டம்.

கே: மதீனா (Mdina, மால்டாவின் பழைய தலைநகர்), நீலக்குகை, கோசோ தீவு மூன்றையும் முடிக்கலாமா?

ப: முடிக்கலாம், பஸ் ஜன்னல் வழியாக! கோசோவை விட்டுவிடுங்கள். ஆசை அடங்காவிட்டால் மதீனா மட்டும்.

கே: சர்ச் என்றால் எல்லாம் ஒன்றுதானே சார்? செயின்ட் ஜான் இணைக் கதீட்ரலுக்கு டிக்கெட் எடுக்கணுமா?

ப: வெளியிலிருந்து பார்த்தால் நீங்கள் சொல்வது சரி, மொட்டைச் சுவர். உள்ளே போனால் தரை முழுக்க வண்ணப் பளிங்குக் கல்லறைகள், சுமார் 400. எலும்புக்கூடுகளும் குலச்சின்னங்களும் பதித்த அந்தக் கற்களின்மேல்தான் நடக்கிறோம். அதனால் ஊசி ஹீல்ஸுக்கு அனுமதியில்லை, தோளையும் மூடிக்கொள்ளுங்கள்.

பக்கத்து மண்டபத்தில் கரவாஜ்ஜோ 1608இல் வரைந்த 'யோவானின் சிரச்சேதம்' இருக்கிறது. முக்கால்வாசிப் பேர் போட்டோ எடுத்துவிட்டு நகர்கிறார்கள். நீங்கள் யோவானின் கழுத்திலிருந்து வழியும் ரத்தத்தைப் பாருங்கள். ஓவியர் அதிலேயே கையெழுத்துப் போட்டிருக்கிறார். அவர் கையெழுத்திட்டதாகத் தெரிந்த ஓவியம் இது ஒன்றுதான். கொலை வழக்கில் ரோமிலிருந்து ஓடிவந்தவரை மாவீரர் சபை சேர்த்துக்கொண்டது. அதே ஆண்டு அடிதடியில் சிக்கிச் சிறையிலிருந்து தப்ப, விலக்கியும் வைத்தது. டிக்கெட் கண்டிப்பாக எடுங்கள். ஞாயிற்றுக்கிழமை பார்வையாளர்களை விடுவதில்லை, கப்பல் வரும் கிழமையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கே: சைவம் கிடைக்குமா?

ப: பஸ்தீஸி வாங்குங்கள். நம் பேக்கரி பஃப்ஸ் மாதிரி. ரிக்கோட்டா சீஸ் வைத்தது ஒன்று, பட்டாணி மசியல் வைத்தது இன்னொன்று. மாவில் பன்றிக் கொழுப்பு உண்டா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

கே: இந்திய பாஸ்போர்ட். தனி விசா வேண்டுமா?

ப: ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசா போதும். வழியில் துருக்கி, துனிசியா போன்ற ஷெங்கனில் இல்லாத நாடுகள் இருந்தால், மறுபடி நுழைய வேண்டியிருக்கும் என்பதால் மல்டிபிள் என்ட்ரியாகக் கேட்டு வாங்குங்கள்.

கே: கப்பல் கிளம்ப நேரம் மிச்சமிருந்தால்?

ப: லிஃப்டில் இறங்கி ரோட்டைத் தாண்டினால் படகுத்துறை. தைசா என்ற வண்ணமடித்த மரப்படகு எதிர்க்கரை பிர்குவுக்குக் கூட்டிப்போகும். காசை ஏறும் முன்பே பேசிவிடுங்கள். காற்று பலமாக இருந்தால் தைசா வேண்டாம், ஃபெர்ரியில் போங்கள்.