மீன் செதில் போட்ட மரம்: பெங்களூர் ஓவிய ஆர்வலர்களின் கேள்விகளும் பதில்களும்

அல்சூரிலிருந்து ஓர் அம்மா: அக்கா, ஏழாவது படிக்கும் என் மகள் மரம் வரைந்தால் பட்டைக்குப் பதில் மீன் செதில் போடுகிறாள். டிராயிங் டீச்சர் சிவப்பு மையில் அடித்துவிட்டார். நானும் திருத்தட்டுமா?

வேண்டாம் அம்மா. அந்தத் தாளைப் பத்திரமாக வையுங்கள், பின்பக்கம் தேதி எழுதி.

மத்தியப் பிரதேசத்துக் கோண்டு என்னும் பழங்குடியைச் சேர்ந்த ஓவியர் பஜ்ஜு ஷியாம், ஓர் உணவகச் சுவரில் வரைவதற்காக லண்டன் போனார். பார்த்ததையெல்லாம் தன் ஊர்க் கண்ணாலேயே வரைந்தார். பிக் பென் கடிகாரம் சேவலோடு ஒட்டிக்கொண்டது, கோண்டுகளுக்கு நேரம் சொல்வது சேவல்தானே! விமானம் பறக்கும் யானையானது. அந்தப் படங்களை 2004இல் சென்னை தாரா புக்ஸ் புத்தகமாகக் கொண்டுவந்தது. 2018இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. கோண்டு ஓவியர்கள் உருவத்துக்குள்ளே புள்ளியும் கோடுமாக நிரப்புவார்கள். அந்த நிரப்பல் ஆளுக்கு ஆள் வேறு, கையெழுத்து மாதிரி. உங்கள் மகளுக்குச் செதில் அப்படி வாய்த்திருக்கலாம். "ஏன் செதில்?" என்று ஆசையாகக் கேட்டுப் பாருங்கள், அது போதும்.

இந்திரா நகர்த் தம்பி: கொரிய ஓவியர் கிம் ஜங் கி பென்சில் கோடே போடாமல் நேராக மையில் பெரிய பெரிய காட்சிகளை வரைந்தாரே, பிறவி வரமா அக்கா?

வரம் என்று சொன்னால் அவர் உழைப்பைக் குறைத்துவிடுவோம் தம்பி. சிறு வயதிலிருந்தே ஓயாமல் வரைந்தவர், 2022இல் 47 வயதில் இறந்துபோனார். நீயும் வாசலில் நிற்கும் ஸ்கூட்டரை முன்னாலிருந்து வரை, பக்கத்திலிருந்து வரை, மாடியிலிருந்து வரை. அப்புறம் அதைப் பார்க்காமல் வரை. எந்த இடத்தில் கை நிற்கிறதோ அங்கேதான் நீ இன்னும் பார்க்கவில்லை.

சிவாஜி நகர் மாணவி: கரித்துண்டில் வரைந்தால் அழித்த கறை போவதே இல்லை. என்ன செய்வது?

கறையை வைத்தே ஒருவர் படம் எடுத்திருக்கிறார் கண்ணு. தென்னாப்பிரிக்காவின் வில்லியம் கென்ட்ரிட்ஜ், ஒரே தாளில் கரியால் வரைவார், கேமராவில் ஓரிரு பிரேம் எடுப்பார், கொஞ்சம் அழித்து மாற்றுவார், மறுபடி எடுப்பார். ஓட்டிப் பார்த்தால் உருவம் நகரும், அது முன்பு நின்ற இடத்தில் சாம்பல் நிழல் தங்கியிருக்கும். நிறவெறி ஆட்சியைப் பார்த்து வளர்ந்தவர் வரைந்த ஜோகன்னஸ்பர்க்கில் அந்த நிழலைப் பார்க்கும்போது எனக்கு நெஞ்சு கனத்துவிடும். நடந்தது அழியவில்லை என்று தாளே சொல்கிறது. நீயும் ஒரு கையை வரைந்து, அழித்து, ஒரு விரற்கடை தள்ளி வரைந்து பார். பழைய கையைத் துடைத்துச் சுத்தம் பண்ணாதே.

ஜெயநகர் வாசகர்: நம்ம பெங்களூர் ஷீலா கௌடா சாணியில் செய்ததெல்லாம் ஓவியமா?

எண்ணெய் வண்ணத்தில் தொடங்கியவர் சார் அவர். 1990களில்தான் சாணிக்கு வந்தார். சாணி, குங்குமம், நூல், ஊசி எல்லாம் பெண்கள் தினமும் புழங்கும் பொருள். நீளநீள நூல்களை ஊசிக் காதில் கோத்து, ஒன்றாகச் சேர்த்துக் குங்குமமும் பசையும் பூசிச் சிவப்புக் கயிறாக்கினார். கயிற்றின் நுனியில் ஊசிகள் கொத்தாகத் தொங்கும். சுவரிலும் தரையிலும் வளைந்து கிடக்கும்போது அதுவும் ஒரு கோடுதான். ஓவியம் என்று தாராளமாகச் சொல்வேன்.

அதே வாசகர்: ரோட்டுப் பள்ளத்தில் முதலை வைத்தாரே, அவர்?

பாதல் நஞ்சுண்டசாமி. 2015இல் பள்ளத்துத் தண்ணீரில் முதலைச் சிலை, 2019இல் குண்டும் குழியுமான ரோட்டில் நிலாவில் நடப்பதுபோல விண்வெளி வீரர். இடத்தைப் படிக்கத் தெரிந்த கலைஞர்.

ராமமூர்த்தி நகர் அண்ணா: இப்படிப்பட்டவர்களை நேரில் எங்கே பார்க்கலாம் அம்மா?

ஜனவரியில் கர்நாடக சித்ரகலா பரிஷத் நடத்தும் சித்ர சந்தைக்கு வாருங்கள் அண்ணா. குமார கிருபா சாலை முழுக்க ஓவியர்கள் படங்களோடு உட்கார்ந்திருப்பார்கள். காலையிலேயே போய்விடுங்கள், மதியத்துக்கு மேல் நிற்க இடமிருக்காது. விலை கேட்பதற்கு முன்னால் "இதை எதில் செய்தீர்கள்?" என்று கேளுங்கள். பாதிப் பேர் எழுந்து நின்று சொல்வார்கள்.