இன்டெல் ஐ7-13700 ப்ராசஸர் சிப் போதுமா, கூடுதல் பணம் கொடுத்து 13700கே வாங்க வேண்டுமா?

கேமும் வீடியோ எடிட்டிங்கும் தான் முக்கிய வேலை என்று இந்தக் கேள்வியைக் கேட்டவர் சொல்லியிருப்பதால், என் கருத்தில் 13700 போதும்.

இரண்டிலும் 8 பெர்ஃபார்மன்ஸ் கோர்களும் (கனமான வேலைக்கானவை) 8 எஃபிஷியன்ட் கோர்களும் (குறைந்த மின்சாரத்தில் ஓடுபவை) 30 எம்பி எல்3 கேஷும் (சிப்புக்குள்ளேயே இருக்கும் வேக நினைவகம்) உள்ளன. உச்ச வேகம் 13700இல் 5.2 கிகாஹெர்ட்ஸ், 13700கேயில் 5.4, வித்தியாசம் 4 சதவீதம்கூட இல்லை. கே என்ற எழுத்துக்காக நாம் கொடுக்கும் பணம் மல்டிப்ளையரை, அதாவது சிப்பின் வேகத்தைத் தீர்மானிக்கும் பெருக்கு எண்ணை, விருப்பம்போல் ஏற்றும் உரிமைக்கானது. அந்த உரிமையும் இசட்690, இசட்790 போன்ற மதர்போர்டுகளில்தான் செல்லுபடியாகும். பி760 போர்டில் பொருத்தினால் மல்டிப்ளையர் அசையாது. போதாக்குறைக்கு, கே வகைப் பெட்டியில் கூலர் வராது. முழுச் சுமையில் 253 வாட் வரை இழுக்கக்கூடிய சிப்புக்கு நல்ல கூலரைத் தனியாக வாங்க வேண்டும். ஆகவே, இரண்டு சிப்புகளின் விலையை மட்டும் பார்க்காமல், போர்டு, கூலர் எல்லாவற்றையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். மிச்சமாகும் தொகையைக் கிராஃபிக்ஸ் கார்டில் போட்டால் கேமில் அதன் பலன் கண்ணுக்குத் தெரியும்.

கடைக்காரர்கள் பெரும்பாலும் சொல்லாத ஒன்று உண்டு. 13700இல் பூட்டப்பட்டிருப்பது மல்டிப்ளையர் மட்டுமே, மின்வரம்பு அல்ல. இன்டெல் குறிப்பிடும் வரம்புப்படி விட்டால், ரெண்டர் (எடிட் செய்த வீடியோவை இறுதிக் கோப்பாக்கும் வேலை) தொடங்கும்போது 219 வாட் வரை எடுத்துக்கொள்ளும் சிப், ஏறக்குறைய அரை நிமிடத்தில் 65 வாட்டுக்கு இறங்க, வேகமும் கூடவே சரிவதை ஹெச்டபிள்யூஇன்ஃபோ என்ற கண்காணிப்பு மென்பொருளில் பார்க்கலாம். பல பி760 போர்டுகளின் பயாஸில் (போர்டின் அடிப்படை மென்பொருள்) பிஎல்1 என்ற அந்த 65 வாட் வரம்பை உயர்த்திவிட முடியும். விஆர்எம்முக்கு (சிப்புக்கு மின்சாரத்தைச் சீராக்கித் தரும் பகுதி) ஹீட்சிங்க் உள்ள போர்டும், பெட்டியில் வருவதைவிடப் பெரிய கூலரும் இருந்தால், நீண்ட ரெண்டரிலும் 13700 கே வகைக்கு அருகில் வந்துவிடும்.

கே வகையின் பெருமை 2011இல் வந்த ஐ5-2500கே காலத்தது. 3.3 கிகாஹெர்ட்ஸ் அடிப்படை வேகம் கொண்ட அந்தச் சிப்பை, ஓரளவு நல்ல ஏர் கூலரை வைத்தே 4.5 வரை கொண்டுபோனவர்கள் ஏராளம். இன்று அந்த இடைவெளியைத் தொழிற்சாலையிலேயே பெரும்பாலும் தீர்த்துவிட்டு அனுப்புகிறார்கள். மேலும், 13, 14ஆம் தலைமுறைச் சிப்புகளில் அதிக வோல்டேஜால் வந்த பழுதுக்கு இன்டெல் 2024இல் மைக்ரோகோடு (சிப்பின் உள்கட்டளை) திருத்தங்கள் வெளியிட்டு, வாரண்டியையும் இரண்டு ஆண்டுகள் நீட்டித்தது. கே இல்லாத 13700உம் அதில் அடங்கும் என்பதாலும், திருத்தங்கள் பயாஸ் வழியாக வருவதாலும், எதை வாங்கினாலும் முதல் வேலையாக பயாஸைப் புதுப்பித்துவிடுங்கள்.

ஐ5 பக்கம் போனால் என் பதில் மாறும். 13400இல் எஃபிஷியன்ட் கோர்கள் 4, 13600கேயில் 8. கேஷும் அதிகம், உச்ச வேகமும் 4.6க்குப் பதில் 5.1. அங்கே ஓவர்கிளாக் செய்யும், அதாவது வேகத்தை நாமே ஏற்றும், எண்ணமே இல்லாதவரும் 13600கேயை வாங்கி, பி760 போர்டிலேயே போட்டு ஓட்டலாம்.