பதில்: கிளாஸ் மாறிக்கு மதிப்பளித்தால் 'இன்னும் ஆதரவில்லை' என்கிறது ஜிஃபோர்ட்ரான்

உருவம் என்ற கிளாஸ் மாறிக்கு (வகை இயங்கும்போது முடிவாகும் மாறி) 'உருவம் = வட்டம்' என்று மதிப்பளித்தால், ஃபோர்ட்ரான் மொழியின் கம்பைலரான ஜிஃபோர்ட்ரான் பிழை காட்டுகிறது என்று கேட்டிருந்தீர்கள். அந்த வரியை எடுத்துவிட்டு, நினைவகத்தில் இடம் ஒதுக்கும் அலோகேட் கூற்றில் வட்டத்தை சோர்ஸாக (நகலெடுக்கும் மூலமாக) கொடுங்கள், கம்பைல் ஆகிவிடும். உருவத்துக்கு ஏற்கெனவே இடம் ஒதுக்கியிருந்தால் முதலில் டீஅலோகேட் செய்து அந்த இடத்தை விடுவியுங்கள்.

உங்கள் நிரலில் தப்பில்லை. அலோகேட்டபிள் (இயங்கும்போது இடம் ஒதுக்கப்படும்) கிளாஸ் மாறிக்கு நேரடியாக மதிப்பளிக்க ஃபோர்ட்ரான் 2008 தரம் அனுமதிக்கிறது. ஜிஃபோர்ட்ரான் அதை 2017-இல் வந்த 7-ஆம் பதிப்பில்தான் ஏற்றது. உங்களுடையது பழைய கம்பைலராகத்தான் இருக்கும். சென்டோஸ் 7 என்ற லினக்ஸ் ஓடும் சர்வர் என்றால் கேட்கவே வேண்டாம், அதோடு வருவது ஜிஃபோர்ட்ரான் 4.8.5. வெர்ஷனைப் பாருங்கள்.

ஒரு எச்சரிக்கை: வட்டத்துக்குள் அலோகேட்டபிள் உறுப்புகள் இருந்தால் கம்பைல் ஆனதை மட்டும் நம்ப வேண்டாம். புதிய பதிப்புகளிலும் இந்தப் பக்கம் பிழைகள் வருவதுண்டு. நினைவகப் பிழைகளைக் கண்டுபிடிக்கும் வால்கிரைண்ட் கருவியில் ஒருமுறை ஓட்டி, நினைவகக் கசிவு இருக்கிறதா என்று பாருங்கள்.