ஹாட் சீட்டின் கணக்கு: வாசகர் கேள்வி–பதில்

இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை தொலைக்காட்சி வினாடி வினா நிகழ்ச்சிகளைப் பற்றியே இருந்ததால், அவற்றுக்கு மட்டும் இந்தப் பகுதியில் பதில் அளிக்கிறோம்.

கேள்வி: கோடிக் கணக்கில் பரிசு தரும் வினாடி வினா நிகழ்ச்சியை அண்மையில்தான் பார்க்கத் தொடங்கினேன். யார் எப்போது எவ்வளவு பணத்தோடு வெளியேறுகிறார் என்பதே புரியவில்லை. விதிகளை முதலிலிருந்து விளக்க முடியுமா?

பதில்: இந்த வகை நிகழ்ச்சிகளுக்கெல்லாம் மூலம், 1998 செப்டம்பரில் பிரிட்டனின் ஐடிவி தொலைக்காட்சியில் கிறிஸ் டாரன்ட் தொகுத்து வழங்கத் தொடங்கிய 'ஹூ வான்ட்ஸ் டு பி எ மில்லியனர்'. அதைத் தழுவித்தான் 2000 ஜூலையில் அமிதாப் பச்சனின் 'கௌன் பனேகா குரோர்பதி' இந்தியிலும், 2012இல் சூர்யாவின் 'நீங்களும் வெல்லலாம் ஒரு கோடி' விஜய் தொலைக்காட்சி வழியாகத் தமிழிலும் வந்தன. நாட்டுக்கு நாடு பரிசுத் தொகையும், சில வேளைகளில் கேள்விகளின் எண்ணிக்கையும் மாறியிருக்கின்றன. ஆனால் ஆட்டத்தின் அடிப்படை ஒன்றுதான் என்பதால், மூல ஆட்டத்தைக் கொண்டே விளக்குகிறேன்.

அரங்கில் அமர்ந்திருக்கும் பத்துப் பேருக்கு ஒரே கேள்வி கேட்கப்படும். தரப்படும் நான்கு விடைகளைச் சரியான வரிசையில் யார் மிகக் குறைந்த நேரத்தில் அடுக்குகிறாரோ அவர் தொகுப்பாளருக்கு எதிரே உள்ள ஹாட் சீட்டுக்கு வருவார். அவருக்கு மொத்தம் பதினைந்து கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் நான்கு விடைகள். முதல் கேள்வி 100 பவுண்டு, ஐந்தாவது 1,000, பத்தாவது 32,000, அதற்குப் பின் 64,000, 1,25,000, 2,50,000, 5,00,000 என்று ஏறிப் பதினைந்தாவது கேள்வியில் பத்து லட்சம் பவுண்டைத் தொடும். இவற்றில் ஐந்தாவது, பத்தாவது படிகள் பாதுகாப்பானவை. தவறாகப் பதில் சொன்னால் கடைசியாகக் கடந்த பாதுகாப்புப் படியின் தொகை மட்டுமே கிடைக்கும். ஐந்தாவதைக்கூடக் கடக்காதவர் வெறுங்கையோடு போக வேண்டியதுதான். நான்கில் இரண்டு தவறான விடைகளை நீக்குதல், அரங்கத்தினரின் வாக்கைக் கேட்டல், முப்பது நொடி நண்பரிடம் தொலைபேசியில் பேசுதல் ஆகிய மூன்று லைஃப்லைன்கள் உண்டு. ஒவ்வொன்றையும் ஒரு முறைதான் பயன்படுத்தலாம்.

புதிதாகப் பார்ப்பவர்கள் கவனிக்கத் தவறும் விதி ஒன்று இருக்கிறது. கேள்வியையும் நான்கு விடைகளையும் பார்த்த பிறகும், அதுவரை சேர்ந்த தொகையை எடுத்துக்கொண்டு போட்டியாளர் எழுந்துவிடலாம். மூல ஆட்டத்தில் யோசிப்பதற்குக் கால வரம்பும் கிடையாது. ஆகவே ஒவ்வொரு படியிலும் அவர் இரண்டு கேள்விகளுக்குப் பதில் தேடுகிறார்: திரையில் இருக்கும் கேள்வி ஒன்று, "ஆடுவதா, எழுவதா?" என்ற கேள்வி மற்றொன்று. நாம் பார்க்கும் அத்தனை பெருமூச்சும் வியர்வையும் பெரும்பாலும் இரண்டாவது கேள்விக்காகத்தான்.

கேள்வி: நன்றாகப் படித்தவர்கள்கூடப் பாதியிலேயே விலகிவிடுகிறார்களே, அது அச்சமா? எப்போது விலகுவது சரி என்று சொல்ல முடியுமா?

பதில்: பெரும்பகுதியைக் கணக்கால் சொல்லிவிடலாம். முதலில் பதினோராவது கேள்வியை எடுத்துக்கொள்வோம். அதற்கு வந்து சேர்பவரின் கையில் 32,000 பவுண்டு இருக்கிறது. தவறாகச் சொன்னாலும் அவருக்குக் கிடைக்கப்போவது அதே 32,000. சரியாகச் சொன்னால் 64,000. இழப்பதற்கு ஒரு காசுகூட இல்லாத கேள்வி அது. கண்ணை மூடிக்கொண்டு ஒரு விடையைத் தொட்டால்கூட நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு இருக்கிறது. அந்த இடத்தில் "போதும், விலகிக்கொள்கிறேன்" என்று ஒருவர் சொன்னால் அது அடக்கமும் அன்று, அச்சமும் அன்று; விதியைச் சரியாகப் படிக்காததன் விளைவு.

அடுத்த படியிலிருந்துதான் உண்மையான சோதனை. 64,000 பவுண்டோடு நிற்பவர் சரியாகச் சொன்னால் 61,000 கூடும். தவறினால் 32,000 போகும். விடை சரியாக இருப்பதற்கான வாய்ப்பு நூற்றுக்கு 35 என்று இருந்தாலே ஆடுவது சராசரியில் லாபம். 1,25,000 கையில் இருக்கும்போது அந்த எல்லை ஏறக்குறைய 43 ஆகவும், 2,50,000 இருக்கும்போது 47 ஆகவும், 5,00,000 இருக்கும்போது 48 ஆகவும் உயர்கிறது. அதாவது, நான்கு விடைகளில் இரண்டை உறுதியாக ஒதுக்கிவிட்டு மீதி இரண்டுக்கு இடையில் சம வாய்ப்பு என்று நிற்பவர், வெறும் எண்கணக்கின்படி எந்தப் படியிலும் ஆடத்தான் வேண்டும்.

ஆனால் இந்தச் சராசரி, அதே இடத்தில் பல முறை ஆடக் கிடைப்பவருக்குத்தான் முழுமையாகப் பொருந்தும். ஹாட் சீட்டில் அமர்பவருக்கோ வாழ்க்கையில் ஒரு முறைதான் அந்த இடம் வாய்க்கிறது. ஐந்து லட்சம் பவுண்டு தரக்கூடிய நிம்மதியைப் போல இன்னொரு மடங்கை அடுத்த ஐந்து லட்சம் தந்துவிடாது; 4,68,000 பவுண்டை ஒரு நொடியில் இழந்த நினைவோ நெடுநாள் கூடவே இருக்கும். எனவே கடைசிக் கேள்வியில் இரண்டு விடைகளுக்கு நடுவே ஊசலாடி எழுந்துவிடுபவரை நான் குறை சொல்ல மாட்டேன். அதே ஊசலாட்டத்தோடு 64,000 பவுண்டில் எழுந்துவிடுபவரைப் பார்த்தால் மட்டும் எனக்குப் பொறுக்காது.

உறுதி இருப்பவருக்கோ இந்தக் கணக்கு எதுவும் தேவையில்லை. 1999 நவம்பரில் அமெரிக்கப் பதிப்பின் முதல் பத்து லட்சம் டாலரை வென்ற ஜான் கார்ப்பென்டர், கடைசிக் கேள்வி வரை எந்த லைஃப்லைனையும் தொடவில்லை. கடைசியில் தந்தைக்குத் தொலைபேசியில் பேச விரும்பி, தமக்கு உதவி தேவையில்லை என்றும், தாம் வெல்லப்போவதைச் சொல்லத்தான் அழைத்ததாகவும் கூறிவிட்டு விடையைச் சொன்னார். அத்தனை நாடுகளில் இந்த நிகழ்ச்சி நடந்தும், லைஃப்லைனை இதைவிட அழகாக வீணாக்கியவர் வேறு யாரும் இருப்பதாகத் தோன்றவில்லை.

கேள்வி: அரங்கத்தினரின் வாக்கில் ஒரு விடைக்கு நாற்பது சதவீதம் மட்டுமே கிடைத்தால் அதை நம்பலாமா? பாதிப் பேர்கூட ஒத்துக்கொள்ளவில்லையே?

பதில்: பல சமயம் நம்பலாம். நூறு பேர் வாக்களிக்கிறார்கள், அவர்களில் இருபது பேருக்கு மட்டுமே விடை தெரியும் என்று வைத்துக்கொள்ளுங்கள். தெரியாத எண்பது பேரும் மனம் போன போக்கில் பொத்தானை அழுத்தினால் ஒவ்வொரு விடைக்கும் சுமார் இருபது வாக்கு விழும். தெரிந்தவர்களின் இருபதும் சேரும்போது சரியான விடை நாற்பதாகவும் மற்றவை இருபது இருபதாகவும் திரையில் தெரியும். எனவே பார்க்க வேண்டியது பாதியைத் தாண்டியதா என்பதை அன்று. மற்ற மூன்றும் ஏறத்தாழ ஒரே உயரத்தில் நிற்க, ஒன்று மட்டும் தலைதூக்கி நிற்கிறதா என்பதைத்தான்.

இந்தக் கணக்கு பொய்த்துப்போகும் இடமும் உண்டு. தெரியாதவர்கள் சிதறாமல் ஒரே பக்கம் சாய்ந்தால் ஏமாற்றம்தான். ஆஸ்திரேலியாவின் தலைநகர் எது என்று கேட்டு, விடைகளில் சிட்னியையும் கான்பெராவையும் வைத்தால், தெரியாதவர்கள் கூட்டமாகச் சிட்னிக்குப் போவார்கள். கேட்டவுடன் நாக்கின் நுனிக்கு வரும் பெயர் ஒன்று விடைகளில் இருந்தால், அரங்கத்தை நம்புவதற்கு முன் யோசிக்க வேண்டும்.

இரண்டு விடைகளை நீக்கும் லைஃப்லைனைப் பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன். இரண்டு விடைகளுக்கு இடையில் தவிப்பவர் அதைப் பயன்படுத்தியதும் அதே இரண்டும் திரையில் எஞ்சி நிற்பதைக் கண்டு, நிகழ்ச்சியினர் வேண்டுமென்றே செய்வதாகச் சிலர் எழுதியிருக்கிறார்கள். எந்தச் சூழ்ச்சியும் இல்லாமல் குருட்டாம்போக்கில் நீக்கினாலே, நீங்கள் சந்தேகித்த அந்தத் தவறான விடை எஞ்சுவதற்கு மூன்றில் ஒரு பங்கு வாய்ப்பு இருக்கிறது.

கேள்வி: அமெரிக்காவின் 'ஜெப்பர்டி' நிகழ்ச்சியில் விடையைக் கொடுத்துவிட்டுக் கேள்வியைச் சொல்லச் சொல்கிறார்களாமே? இந்தத் தலைகீழ் முறை எதற்கு? கடைசிச் சுற்றில் பின்தங்கியிருப்பவர் எல்லாவற்றையும் பணயம் வைப்பதுதானே நியாயம்?

பதில்: முறை பிறந்த கதை ஒரு மோசடியில் தொடங்குகிறது. 1950களில் அமெரிக்காவில் 'ட்வென்ட்டி ஒன்' உள்ளிட்ட சில வினாடி வினா நிகழ்ச்சிகளில், போட்டியாளர்களுக்கு முன்கூட்டியே விடைகளைக் கொடுத்து வெற்றி தோல்வியை நாடகம்போல் நடத்தியது அம்பலமானது. அந்த நிகழ்ச்சியின் வழியாக நாடறிந்தவரான சார்லஸ் வான் டோரன், 1959இல் நாடாளுமன்றக் குழுவின் முன் உண்மையை ஒப்புக்கொண்டார். 1960இல் இத்தகைய மோசடியைக் குற்றமாக்கிச் சட்டம் வந்தது. அதன் பிறகு புதிய நிகழ்ச்சி ஒன்றை யோசித்துக்கொண்டிருந்த மெர்வ் கிரிஃபினிடம், விடைகளை வெளிப்படையாகவே கொடுத்துவிட்டுக் கேள்விகளைக் கேட்டால் என்ன என்று அவருடைய மனைவி ஜூலன் சொன்னார். அந்தக் குறும்பு யோசனைதான் 1964 மார்ச்சில் 'ஜெப்பர்டி'யாக ஒளிபரப்பாகத் தொடங்கியது.

மூன்று பேர் ஆடுவார்கள். பலகையில் ஆறு தலைப்புகள், ஒவ்வொன்றின் கீழும் விடை வடிவில் தரப்படும் ஐந்து குறிப்புகள். முதல் சுற்றில் 200 முதல் 1,000 டாலர் வரை, இரண்டாம் சுற்றில் அவற்றின் இருமடங்கு. தவறாகச் சொன்னால் அதே தொகை கழிக்கப்படும். தொகுப்பாளர் குறிப்பைப் படித்து முடிக்கும் வரை பஸ்ஸர், அதாவது பதில் சொல்ல முந்துபவர் அழுத்தும் பொத்தான், வேலை செய்யாது. அவசரப்பட்டு முன்னதாக அழுத்தியவரின் பஸ்ஸர் கால் நொடிக்கு முடக்கப்படும். மூவருக்கும் விடை தெரிந்த குறிப்புகளில் அந்தக் கால் நொடியே போதும், வாய்ப்பு அடுத்தவருக்குப் போய்விடும். 2004இல் தொடர்ந்து 74 ஆட்டங்களை வென்ற கென் ஜென்னிங்ஸைப் போன்றவர்களுக்கு அறிவோடு அந்தத் தாளமும் கைவந்திருக்க வேண்டும்.

இனிக் கடைசிச் சுற்று. அங்கே தலைப்பு மட்டும் தெரியும். குறிப்பைப் பார்க்கும் முன்பே பணயத் தொகையை எழுதிவிட வேண்டும். முதலிடத்தில் இருப்பவரிடம் 16,000, அடுத்தவரிடம் 11,000, மூன்றாமவரிடம் 4,000 டாலர் இருப்பதாகக் கொள்வோம். இரண்டாமவர் இருமடங்கானால் 22,000 ஆவார். எனவே அவரைத் தாண்ட முதலாமவர் 6,001 டாலரைப் பணயம் வைப்பார். சரியாகச் சொன்னால் அவருக்கு 22,001. அப்போது இரண்டாமவர் என்ன செய்தாலும் தோல்விதான். தவறினால் அவரிடம் எஞ்சுவது 9,999.

இப்போது இரண்டாமவரின் இடத்தில் இருந்து பாருங்கள். முழு 11,000 டாலரையும் வைத்தால், முதலாமவர் தவறவும் வேண்டும், தாம் சரியாகச் சொல்லவும் வேண்டும். மாறாக 1,000 டாலருக்கு மேல் வைக்காமல் இருந்தால், தாம் தவறினாலும் 10,000 டாலருக்குக் குறையாது. முதலாமவர் தவறினால் மட்டும் போதும், வெற்றி இவருக்கு. (மூன்றாமவர் இருமடங்கானாலும் 8,000 டாலரைத் தாண்ட முடியாது.) ஆகவே எல்லாவற்றையும் பணயம் வைப்பது பார்ப்பதற்கு வீரமாக இருந்தாலும், இந்த நிலையில் தவறான ஆட்டம். வென்றவர் மட்டுமே தாம் சேர்த்த பணத்தைக் கொண்டுபோவார். மற்ற இருவருக்கும் நிர்ணயிக்கப்பட்ட சிறு தொகைதான் என்பதால், இந்தக் கணக்கில் பிசகினால் இழப்பு பெரிது.

கேள்வி: 'தி வீக்கெஸ்ட் லிங்க்' நிகழ்ச்சியில் திறமையானவர்களையே வாக்களித்து வெளியேற்றுகிறார்களே, ஏன்?

பதில்: 2000இல் பிபிசியில் ஆன் ராபின்சன் தொகுத்து வழங்கத் தொடங்கிய அந்த ஆட்டத்தில் ஒன்பது பேர் சேர்ந்து ஒரே நிதியைச் சேர்க்கிறார்கள், முடிவில் ஒருவர் மட்டுமே அதை எடுத்துச் செல்கிறார். தொடர்ச்சியான சரியான விடைகளால் தொகை ஏறும். தமக்குரிய கேள்வி தொடங்கும் முன் "பேங்க்" என்று சொன்னால் அதுவரை சேர்ந்தது பத்திரமாகும். சொல்லாமல் விட்டுத் தவறான விடை சொன்னால் சங்கிலி அறுந்து அத்தொகை போய்விடும். தொடக்கச் சுற்றுகளில் நிதி வளரத் திறமைசாலி தேவை. சிலரே எஞ்சும்போது அதே திறமைசாலி இறுதி மோதலில் எதிராளி ஆகிவிடுவார் என்பதால் அவரை அனுப்பிவிடுகிறார்கள். கேட்பதற்கு நன்றியில்லாத செயல்தான். ஆனால் விதியே அப்படித்தான் ஆடச் சொல்கிறது.

கேள்வி: இத்தகைய நிகழ்ச்சியில் பங்கேற்க விரும்புகிறேன். பொது அறிவு நூல்களைப் படித்தால் போதுமா?

பதில்: படியுங்கள், ஆனால் நிகழ்ச்சியைப் பார்க்கும் முறையையும் மாற்றுங்கள். தொகுப்பாளர் கேள்வியைப் படித்து முடித்ததும் உங்கள் விடையையும், அது சரியாக இருப்பதற்கு நூற்றுக்கு எத்தனை வாய்ப்பு என்பதையும் ஒரு தாளில் எழுதிவிடுங்கள். சில வாரங்களுக்குப் பின், "எண்பது" என்று எழுதிய விடைகளை மட்டும் தனியே எண்ணிப் பாருங்கள். அவற்றில் பாதிதான் சரி என்றால், ஹாட் சீட்டில் உங்களுக்கு எண்பது என்று தோன்றும்போது ஐம்பது என்று வைத்துக்கொண்டு, மேலே சொன்ன எல்லைகளோடு ஒப்பிட்டு முடிவெடுங்கள்.