ஆரம்பகாலக் கார்களில் எஞ்சின் சூட்டை எப்படித் தணித்தார்கள்?

முதலில் அதற்கென்று தனிக் கருவியெல்லாம் இல்லை, தண்ணீரைக் கொதிக்க விட்டார்கள். 1886-இல் கார்ல் பென்ஸ் காப்புரிமை வாங்கிய மூன்று சக்கர வண்டியில், சூடான தண்ணீரைக் காற்றில் ஆற்றும் ரேடியேட்டரே கிடையாது. சிலிண்டரைச் சுற்றி நிற்கும் தண்ணீர் ஆவியாகிப் போகும்; குறையக் குறைய ஊற்ற வேண்டும். கேலியாகத் தோன்றும், ஆனால் கொதிக்கும் ஒரு லிட்டர் தண்ணீர் முழுக்க ஆவியாக இழுத்துக்கொள்ளும் வெப்பம், அதை 30 டிகிரியிலிருந்து 100-க்குக் கொண்டுவரத் தேவைப்படுவதைப் போல ஏழு மடங்குக்கு மேல். ஒரு குதிரைத்திறன்கூட இல்லாத எஞ்சினுக்கு அதுவே தாராளம்.

1888-இல் பெர்த்தா பென்ஸ் கணவரிடம் சொல்லாமல் மகன்கள் இருவரோடு பென்ஸ் வண்டியில் மான்ஹைமிலிருந்து ஃபோர்ஸ்ஹைமுக்குக் கிளம்பினாரே, அந்த நூறு சொச்சம் கிலோமீட்டரில் வீஸ்லோக் ஊர் மருந்துக்கடையில் எரிபொருள் வாங்கியதைத்தான் எல்லோரும் சொல்வார்கள். வழியெல்லாம் தண்ணீர் தேடி ஊற்றியதை யாரும் சொல்வதில்லை.

எஞ்சின் பெரிதானதும் இது எடுபடவில்லை. கூடுதல் தண்ணீர் சுமந்தால் எடை கூடும். டைம்லர் கம்பெனியின் வில்ஹெல்ம் மேபாக் 1900-இல், 35 குதிரைத்திறன் மெர்சிடிஸுக்குத் தேன்கூடு ரேடியேட்டர் செய்தார். ஆறு மில்லிமீட்டர் சதுரக் குழாய்கள் 8,070, பின்னால் ஒரு விசிறி. தண்ணீர் தேவை பாதியாகி 9 லிட்டரில் நின்றது. காபியை டவராவில் ஊற்றி ஆற்றுகிறோமே, அதே சூத்திரம்தான்: பரப்பினால் ஆறும்.

என் பழைய கார் ஒருமுறை ஏற்காடு ஏற்றத்தில் கொதித்து நின்றது. பட்டறைக்காரர் ரேடியேட்டரைக் கழற்றிக் காட்டினார். தட்டைக் குழாய்களுக்குள் உப்பு வெள்ளையாக அடைத்திருந்தது; நான் ஊற்றிய போர் தண்ணீரின் கைங்கரியம். அதில் குழாய்க்குள் தண்ணீர், வெளியே காற்று. மேபாக் செய்தது இதற்குத் தலைகீழ்: குழாய்க்குள் காற்று, குழாய்களுக்கு இடையில் மெல்லிய ஏடாகத் தண்ணீர். ஏன் சதுரம் என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது. வட்டக் குழாய்களை அடுக்கினால் நடுவே பெரிய பொந்து விழும், அங்கே தண்ணீர் தேங்கும். சதுரமென்றால் இடுக்கு எங்கும் ஒரே அளவு.

1908-இல் வந்த ஃபோர்டு மாடல் டி-யில், முதல் இரண்டாயிரத்துச் சொச்சம் வண்டிகளுக்குப் பிறகு எஞ்சினுக்கும் ரேடியேட்டருக்கும் இடையே தண்ணீரைச் சுற்றவிடும் பம்பையே எடுத்துவிட்டார்கள். சூடான தண்ணீர் தானாக மேலே ஏறும், ஆறியது கீழே இறங்கும், அவ்வளவுதான். தண்ணீர் மட்டம் மட்டும், எஞ்சினிலிருந்து ரேடியேட்டருக்குப் போகும் மேல் குழாய்க்குக் கீழே போய்விடக் கூடாது. போனால் சுற்று அறுந்து, பழையபடி கொதிதான்.