நூலகம்: கேள்வி – பதில்

கேள்வி: எதிர்காலச் சர்வாதிகார நாட்டை வைத்து டிஸ்டோபியன் நாவல், அதாவது மோசமாகிப்போன கற்பனைச் சமூகத்தைப் பற்றிய நாவல், எழுதுகிறேன். சிறை, சித்திரவதை எல்லாம் இருக்கிறது. ஆனாலும் பயம் வரவில்லை என்கிறார்கள் படித்தவர்கள். எங்கே பிசகு?
– வாசகி, மதுரை

பதில்: சிறையிலிருந்து தொடங்கியதுதான் பிசகு. அதிகாரத்தை முதலில் ரேஷனிலும் சம்பளத்திலும் காட்டுங்கள். ஜார்ஜ் ஆர்வெல்லின் ‘1984’ நாவலில் (1949) சாக்லேட் ரேஷன் 30 கிராமிலிருந்து 20 ஆகக் குறைகிறது. மறுநாளே, ரேஷனை 20 கிராமாக உயர்த்தியதற்கு நன்றி சொல்லி மக்கள் ஊர்வலம் போனதாகச் செய்தி வருகிறது. ரேஷன் குறையாது என்று முன்பு அரசு தந்த வாக்குறுதியைப் பழைய நாளிதழில் திருத்தி எழுதுவது யார்? கதாநாயகன் வின்ஸ்டனேதான், அலுவலக வேலையாக. எனக்கு அந்த நாவலில் சித்திரவதைக் காட்சிகளைவிட இதுதான் கொடூரமாகப் படுகிறது. உங்கள் நாயகியையும் அந்த அரசின் சம்பளப் பட்டியலில் சேருங்கள். அவள் கையெழுத்துப் போடாமல் நகராத கோப்பு ஒன்று இருக்கட்டும்.

அடுத்தது கண்காணிப்பு. எல்லோரையும் எந்நேரமும் பார்க்கும் அரசு என்று எழுதினால், இத்தனை பேரைப் பார்க்க ஆள் எங்கே என்று வாசகர் கேட்பார். ஆர்வெல்லின் டெலிஸ்கிரீன், படம் காட்டிக்கொண்டே எதிரில் இருப்பவரையும் உளவு பார்க்கும் திரை. அதில் ஒலியைக் குறைக்கலாம், அணைக்க முடியாது. எப்போது பார்க்கிறார்கள் என்பதும் தெரியாது. அந்தத் தெரியாமையே போதும், மனிதர் தன் முகத்தைத் தானே காவல் காப்பார். மக்களில் 85 சதவீதமான பாட்டாளிகளில் பெரும்பாலோர் வீட்டில் அந்தக் கருவியே கிடையாது. யாரைப் பார்க்க வேண்டியதில்லை என்று உங்கள் அரசும் முடிவு செய்திருக்க வேண்டும்.

சுதந்திரம் பறிபோகும் நாளுக்கு மார்கரெட் அட்வுட்டின் ‘தி ஹேண்ட்மெய்ட்ஸ் டேல்’ (1985) நல்ல பாடம். பெண்களின் வேலையும் வங்கிக் கணக்கும் ஒரே நாளில் போகின்றன. கடையில் கார்டு செல்லாதபோதுதான் நாயகிக்கே விஷயம் உறைக்கத் தொடங்குகிறது. வரலாற்றில் எங்கும் நடக்காத எதையும் நாவலில் சேர்ப்பதில்லை என்பது அட்வுட் வைத்துக்கொண்ட விதி. உங்கள் சட்டங்களையும் ஒவ்வொன்றாக அப்படிச் சோதியுங்கள். முன்மாதிரி கிடைக்காததை வெட்டிவிடலாம்.

கேள்வி: மக்கள் மகிழ்ச்சியாக இருக்கும் நாடு எப்படி டிஸ்டோபியா ஆகும்?
– வாசகர், நாகர்கோவில்

பதில்: ஆல்டஸ் ஹக்ஸ்லியின் ‘பிரேவ் நியூ வேர்ல்ட்’ (1932) காட்டுவது அதைத்தான். அங்கே குழந்தைகள் குப்பியில் உருவாகும்போதே சாதி தீர்மானமாகிவிடுகிறது. கவலை வந்தால் சோமா மாத்திரை. அந்த மாத்திரைகளை ஒருவன் வெளியே வீசும்போது கலவரம் வெடிக்கிறது. போலீஸ் சோமா ஆவியைத் தெளித்து, இனிய குரலில் பதிவான பேச்சை ஒலிக்க விடுகிறது. கலவரக்காரர்கள் அழுது ஒருவரையொருவர் கட்டிக்கொள்கிறார்கள். 15-ஆம் அத்தியாயத்தை மட்டுமாவது படித்துவிடுங்கள்.